இரண்டு வாய்க்கூடைகள்

அத்தான் யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்கமாட்டார். வாயைப் பார்ப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலும் ரயிலுமாகப் பன்னிரண்டு நாள் பயணம் செய்து மலாயாவின் லாயாங் லாயாங் ஸ்டேஷனில் நான் இறங்கியபோது, அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் என் கன்னத்தைப் பார்த்தார். அது ஒருபக்கம் உப்பியிருந்தது.

"பிள்ளை என்னவோ சப்பிக்கொண்டு வருகுது. துப்பு" என்றார்.

ரயிலில் பக்கத்திலிருந்த சீனப் பெண் பிரியமாகக் கொடுத்த காய், உப்பில் ஊறியது. நல்ல ருசி. துப்பினேன். உடனே கைக்குட்டையை எடுத்து நீட்டினார். "கோவிக்காதை. உன்ரை நன்மைக்குத்தான்" என்றார். குரலில் கடுமை ஒரு பொட்டும் இல்லை. அதுதான் அவர். அந்த மனிதர் யாரையும் அடித்தோ, அதட்டியோ நான் பார்த்ததில்லை. அதட்டியிருந்தால் நானும் ஒருநாள் எதிர்த்து அதட்டியிருப்பேனோ என்னவோ.

பெயர் சொல்லமாட்டேன். அக்கா சாகும்வரை அவர் பெயரை வாயால் சொன்னதில்லை, எனக்கும் அது பழகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் ஒரு மணி நேரம் போனால் வரும் கித்தாத் தோட்டத்தில் அவர் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். கித்தா என்றால் ரப்பர். டாக்டர் மாதத்துக்கு ஒருநாள் குளுவாங்கிலிருந்து வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மருந்து கலக்குவதும் புண் கட்டுவதும் பிள்ளைப்பேறு பார்ப்பதும் பிரேதம் கழுவுவதும் அத்தான்தான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இரண்டு தரம் கல்யாணம் பேசி நின்றுபோனவள். அம்மா செத்தபிறகு போக வேறு இடமில்லாமல் அக்காவிடம் வந்திருந்தேன். அவர் வீட்டுச் சோறு, அவர் வீட்டுப் பாய். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததற்கு இதுவும் காரணம் என்பதால் சொல்கிறேன்.

யார் எதைத் தின்னக்கூடாது என்பது அவருக்கு மனப்பாடம். அக்காவுக்கு ஊறுகாய் ஆகாது, எனக்குப் பலாக்கொட்டை ஆகாது, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியாருக்குக் கருவாடு ஆகாது. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதே அடுத்தவர் இலையிலிருந்து வடையை எடுத்துத் தள்ளிவைப்பார். தள்ளிவைத்துவிட்டுச் சிரிப்பார். ஆட்களும் சேர்ந்து சிரிப்பார்கள். வடைக்காரர் மட்டும் சிரிக்கமாட்டார்.

ஆனால் நல்லவர். அதையும் சொல்லத்தான் வேண்டும். ரயில் பாதையில் வேலை செய்த மலாய்க்காரர் ஒருவர் காலில் புண் வைத்துப் புழு நெளிய வந்தார். தோட்டத்து ஆள் இல்லை, சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. அத்தான் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, நாற்பது நாள் தினமும் கழுவிக் கட்டினார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கரண்டியால் கஞ்சி ஊட்டியதும் அவர்தான். அன்றைக்கு அவருக்காக உயிரையே கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

கால் ஆறிய மலாய்க்காரர் நன்றிக்கு ஒரு சாக்கைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் கவிழ்த்தார். ஆமை. ஒரு சோற்றுப்பானை மூடியளவு, கறுப்பும் மஞ்சளுமாக ஓடு. அதன் முதுகைத் தட்டிக்காட்டி, "காசி கப்பூர், துவான். டியா சுக்கா கப்பூர்" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுப் போனார்.

"காசியிலையிருந்து வந்த ஆமையோ, அத்தான்?" என்று கேட்டேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். "விசரி! மலாயிலை காசி எண்டால் குடு எண்டு அர்த்தம். கப்பூர் எண்டால் கற்பூரம். கடையிலை கப்பூர் பாருஸ் எண்டு கேட்டால் கற்பூரம்தான் தருவான். ஆமைக்குக் கற்பூரம் பிடிக்குமாம், குடுக்கட்டாம்." பிறகு முகம் மாறியது. "கற்பூரம் திண்டால் மனுசனே வலிப்பு வந்து சாவான். இவனை நம்பி ஆண்டவன் ஒரு சீவனைக் குடுத்து வைச்சிருக்கிறானே."

அன்றே சாமியறையிலிருந்த கற்பூரப் பெட்டி மேல்தட்டுக்குப் போனது. ஆமை வீட்டுக்குள் வருவது ஆகாதென்று அக்கா அதைப் படியேற விடவே இல்லை. அப்படியிருந்தும் கற்பூரம் மேல்தட்டில் இருந்தது.

ஆமைக்கு என்ன கொடுப்பது என்று அவரே முடிவு செய்தார். பிள்ளையில்லாத வீடு. டின் பாலில் ஊறவைத்த ரொட்டி, குழைய வடித்த வெள்ளைச் சோறு. பக்கத்தில் குந்தியிருந்து ஊட்டுவார். அதுவும் தின்னும். தின்று முடித்து, அவர் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும், ஆடி ஆடிக் குப்பைமேட்டுக்குப் போகும். முட்டைக்கோது, நத்தைக்கூடு, மண் என்று கண்டதையும் கடிக்கும். அங்கிருந்து ஆஸ்பத்திரிச் சுவருக்குப் போய், வெள்ளையடித்த சுண்ணாம்பை நாக்காலும் வாயாலும் சுரண்டும். கொஞ்ச நாளில் தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குச் சுவர் முழுக்கக் கோடு போட்டதுபோல வெள்ளை போய்விட்டது.

அவருக்கு அது தாங்கவில்லை. நல்ல சாப்பாடு போட்டும் இப்படியா என்று நிஜமாகவே வருந்தினார். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னாத் தண்ணீரைச் சுவரில் பூசினார். உலகத்திலேயே கசப்பான தண்ணீர் அது. ஆமை அதையும் சேர்த்து நக்கியது. கண்ணாடிக் குச்சி ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய் திறக்கும் ஒவ்வொரு தரமும் மூக்கில் மெல்லத் தட்டினார். மெல்லத்தான். ஒருநாளைக்கு நூறு தரம் தட்டியிருப்பார். அது தலையை இழுத்துக்கொள்ளும், அவர் போனதும் நீட்டும். தலையை உள்ளே இழுக்கும் பிராணியை யார் என்ன செய்ய முடியும்?

கடைசியில் என்னிடம் வந்தார். எங்கள் ஊரில் களத்தில் நெற்சூடு மிதிக்கும்போது, கதிரைத் தின்னாமலிருக்க மாட்டின் வாயில் சின்னக் கூடை கட்டுவார்கள். வாய்க்கூடை. பெட்டி இழைப்பதில் என் கைக்கு ஊரில் பெயர் இருந்தது.

"அதுமாதிரி ஒண்டு சின்னதா இழைப்பியோ, பிள்ளை?"

பனையோலை அங்கே கிடையாது. மெங்குவாங் என்று தாழை ஓலை உண்டு. அதை வாரி நகத்தகல இழையாக்கி, அரை எலுமிச்சம்பழம் கொள்ளும் அளவில் ஒரு கூடை பின்னி, கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப்போட இரண்டு நாடாவும் வைத்துக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கை எண்டால் இது கை" என்றார். அந்தத் தோட்டத்துக்கு வந்து ஏழு மாதத்தில் என்னை ஒருவர் பாராட்டியது அன்றைக்குத்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

கூடையைக் கட்டியதும் ஆமையால் தலையை உள்ளே இழுக்க முடியவில்லை. கூடை ஓட்டின் விளிம்பில் இடித்தது. இழுக்கும், இடிக்கும், மறுபடி இழுக்கும். ஊட்டும் நேரம் தவிர நாள் முழுவதும் டக் டக்கென்று அந்தச் சத்தம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். நானும் நின்று சிரித்தேன். என் கைவேலையாயிற்றே.

அஞ்சலை வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. கித்தா மரத்தில் பால் வெட்டுகிறவள், ஏழு மாதச் சூலி. சாக்கடைக் கரையில் குந்தி செம்மண்ணைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தவளைக் கங்காணி கையோடு பிடித்துக்கொண்டு வந்தான். கால் வீங்கி, உதடு வெளுத்து, நாக்குச் சுண்ணாம்புபோல இருந்தது. அத்தான் அவள் கண் இரப்பையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அங்கேயும் வெள்ளை.

"இரத்தமே இல்லை. பிள்ளைப்பேறு தாங்கமாட்டாள்" என்று வீட்டில் வந்து சொன்னார்.

"மருந்து இல்லையா?" என்று கேட்டேன்.

"இரும்பு மருந்து இருக்குது. இரத்தம் ஊறும். ஆனால் மண் தின்கிற வயித்திலை அதை ஊத்தினால் வீண். முதல்லை வாய் அடங்கவேணும்."

அவளிடம் சொன்ன கணக்கு இது: எட்டு நாள் சோற்றைத் தவிர ஒன்றையும் வாயில் வைக்காமல் இருந்து காட்டு, ஒன்பதாம் நாள் மருந்து. வார்டில் ஒரு கட்டில் கொடுத்தார். கட்டிலுக்கு மேலே கரும்பலகை மாட்டி, சீமைச் சுண்ணாம்புக் கட்டியால் நாளுக்கொரு கோடு போட்டார். அஞ்சலையின் புருசன் வாசலில் நின்று, "ஐயா எது செஞ்சாலும் நல்லதுக்குத்தாங்க" என்று கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

மூன்றாம் நாள் அவள் நகத்தில் செம்மண் இருந்தது. கோடுகளைத் துடைத்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாம் முறை ஐந்து கோடு வந்தது. ஐந்தாம் நாள் அவர் கோடு போட்டுவிட்டுத் திரும்பி மருந்து அலுமாரியைப் பூட்டுவதற்குள், அவள் அந்தச் சீமைச் சுண்ணாம்புக் கட்டியையே கடித்துத் தின்றுவிட்டாள். அத்தான் கோபப்படவில்லை. ஈரத்துணியால் அவள் உதட்டைத் துடைத்துவிட்டார், பலகையையும் துடைத்தார். பிறகு வீட்டுக்கு வந்தார்.

"இன்னொரு கூடை வேணும், பிள்ளை. பெரிசா."

"மாட்டுக்கா, அத்தான்?"

"இல்லை" என்றார்.

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். எரிகிற அடுப்பை எதற்கு ஊதுகிறாள் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. ஓலை வாரி, ஊறவைத்து, அன்று பின்னேரத்துக்குள் இழைத்துக் கொடுத்தேன். கன்னத்தில் உரசாமலிருக்க விளிம்புக்குப் பழைய வேட்டித் துணி சுற்றித் தைத்தேன். என்னுடைய இரக்கம் அந்த நாலு விரல் துணிதான்.

சாப்பாட்டு நேரத்துக்கு அவரே கூடையை அவிழ்த்துவிடுவார். அவள் தின்று முடிக்கும்வரை வாயைப் பார்த்துக்கொண்டிருந்து, திரும்பக் கட்டுவார். கட்டும்போது முடி சிக்காமல் ஒதுக்கிவிடுவார். நான் கஞ்சி கொண்டுபோனபோது அவர் புண் கட்டிக்கொண்டிருந்தார். அஞ்சலை கூடைக்குள்ளிருந்து பேசினாள்.

"நீங்க பின்னுனதாம்மா?"

ஆமென்று தலையாட்டினேன்.

"நல்லா பின்னியிருக்கீங்க. ஒரு ஈ போகாது." சிரித்தாளா என்று தெரியவில்லை, இழை மறைத்தது. "ஆமைக்கும் போட்டீங்களாமே. அது கம்முனு இருக்குதா?"

"முடிச்சுப் பின்னாலைதானே இருக்குது. உனக்குக் கை இருக்குது. அவிழ்க்கலாமே" என்று மெதுவாகச் சொன்னேன்.

"அவுக்கத் தெரியாம இல்லம்மா. அவுத்தா மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணுவாரு. வயித்துல இருக்கிறது பொழைக்கணும்ல. மருந்து வேணும்ல." கூடையோடு சேர்த்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "இந்தச் சுவத்து வாசம்தாம்மா கொல்லுது. மழ பேஞ்சா மண்ணு வாசம் வேற. ஐயாகிட்ட சொல்லி வேற கட்டிலு போடச் சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

நாலாம் கோடு போட்ட அன்று காலையில் அந்த மலாய்க்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். அத்தான் ஆஸ்பத்திரியில். நான் முற்றத்தில் நின்றேன். அவர் நேரே ஆமையிடம் போய்க் குந்தினார். கூடையைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு ஓட்டைப் பெருவிரலால் அழுத்தினார். அழுத்திய இடம் உள்ளே போனது, ஊறவைத்த தோல்போல. "லெம்பிக்" என்றார். மெத்தென்று ஆகிவிட்டதாம்.

எழுந்து என்னைப் பார்த்து, "காசி கப்பூர்! சாயா சுடா சாக்காப்" என்றார். கொடுக்கச் சொன்னேனே என்று அர்த்தம். அந்தளவு மலாய் அதற்குள் எனக்கு வந்திருந்தது. மேல்தட்டுக் கற்பூரத்தை எடுத்துவந்து காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையைத் திறந்து, பித்தளைச் சிமிழை எடுத்து, விரலால் வழித்து என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"கப்பூர்" என்றார்.

சுண்ணாம்பு.

ஆஸ்பத்திரிச் சுவரைக் காட்டி, "கப்பூர்" என்றார். முட்டைக்கோதைக் காட்டி, ஓட்டைத் தட்டி என்னவோ சொன்னார். அதற்கு மொழி தேவைப்படவில்லை. ஆமை ஆறு மாதமாக எதைக் கேட்டதோ அதையே எடுக்கவிடாமல் நாங்கள் தட்டிக்கொண்டிருந்தோம். நான் குந்தி முடிச்சை அவிழ்த்தேன். என் முடிச்சு, உடனே வந்தது. தலை உள்ளே போனது. வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது, மலாய்க்காரர் வாழைப்பழத்தில் தடவி வைத்திருந்த சுண்ணாம்பை நக்கியது.

ஆமையைக் கொண்டுபோகச் சொல்லி அவரிடமே கொடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓடினேன் என்பது உண்மை. அத்தான் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்: கப்பூர் கற்பூரமில்லை, சுண்ணாம்பு, ஓடு மெத்தென்று போய்விட்டது, ஆமைக்கு அது வேண்டியிருந்தது.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கப்பூர் எண்டால் சுண்ணாம்புமோ?" என்றார். சட்டைப் பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தை எடுத்து, மலாய்ச் சொற்கள் எழுதும் பக்கத்தைத் திறந்து, அதை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். "நல்லது. ஒரு சொல்லுப் படிச்சன்."

"அத்தான், அஞ்சலைக்கும் அப்படித்தானோ? அவளுக்கு வேணுமெண்டுதானோ மண்..."

"ஆமை மிருகம், பிள்ளை. தனக்கு என்ன வேணுமெண்டு அதுக்குத் தெரியும். மனுசருக்குத் தெரியாது. அதுக்குத்தான் நாங்கள் இருக்கிறம்." என் வாயைப் பார்த்தார். "இன்னும் நாலு நாள். உன்ரை கூடை நல்லா வேலை செய்யுது."

வார்டு வாசலில் போய் நின்றேன். அஞ்சலை ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முடிச்சு என் பக்கம் இருந்தது. நாலு எட்டு வைத்தால் கைக்கு எட்டும். அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் பயந்தேன் என்று பிறகு பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். அவர் பார்க்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குப் போய் வாழைப்பழத்தைச் சாமியறையில் வைத்தேன்.

ஏழாம் கோடு போட்ட காலையில் அவளுக்கு வலி எடுத்தது. மாதம் நிறையவில்லை. பிள்ளை அழாமலே பிறந்தது. அதன்பிறகு அவளிடமிருந்த கொஞ்ச இரத்தமும் நிற்காமல் போனது. அத்தான் முழங்கால்வரை நனைந்து, தன்னால் ஆனதையெல்லாம் செய்தார். உச்சிப்பொழுதுக்கு முன்னால் இரண்டும் முடிந்துவிட்டது. இரும்பு மருந்தை முதல்நாளே அளந்து போத்தலில் ஊற்றி, அவள் பெயரை எழுதி ஒட்டித் தயாராக வைத்திருந்தார். அவர் ஒன்றையும் கடைசி நேரத்துக்கு வைக்கிறவர் இல்லை. அந்தப் போத்தலை நான் பார்த்தேன்.

மண் தின்றதால் மரணம் என்று டாக்டருக்கு எழுதிவைத்தார். டாக்டர் அதில் கையெழுத்துப் போட்டார். ஜப்பான் சண்டைக்குப் பிறகு சிங்கப்பூரில் ஒரு நர்ஸிடம் இந்தக் கதையைக் கேட்டேன், வேறு யாருக்கோ நடந்ததுபோல. இரத்தம் குறைந்தால்தான் மண் ஆசை வரும், மருந்தைக் கொடுத்தால் நாலு நாளில் ஆசை தானாகப் போய்விடும் என்றாள். இதுகூடத் தெரியாத டிரஸ்ஸரா என்று சிரித்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இன்றைக்கும் ஏனென்று தெரியவில்லை.

அன்று மத்தியானம் அத்தான் கிணற்றடியில் நெடுநேரம் குளித்தார். கூடையையும் கார்பாலிக் போட்டுக் கழுவி, வேலியில் வெயிலுக்குக் கவிழ்த்து வைத்தார். பிறகு வந்து சாப்பிட உட்கார்ந்தார். அக்கா பரிமாறினாள். அவர் கண் சிவந்திருந்தது, அழுதிருக்கிறார். நான் சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரிடம் சொல்வதற்கு என்னிடம் ஒரேயொரு வாக்கியம் இருந்தது. அது நாக்கில் வந்து நின்றது.

அவர் என் வாயைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை சாப்பிடேல்லை? சாப்பிடு. உன்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

வாயைத் திறந்தேன். சோற்றுக்கு மட்டும்.